மீட்டர் இல்லாத வண்டி

ஊறுகாய் டப்பாவின் மூடி அது. வாங்கியபோது நல்ல சிவப்பு. வெயில் பட்டுப் பட்டு வெளுத்துப் போயிருந்தது. என் மோட்டார் சைக்கிளில் ஹெட்லைட்டுக்கு மேலே, மீட்டர் உட்கார வேண்டிய வட்ட ஓட்டையை இத்தனை வருடங்களாக அடைத்துக்கொண்டிருந்தது அந்த மூடிதான். டைல்ஸ் கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, வண்டியில ஊறுகா வச்சி விக்கிறீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன். புது மீட்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை, எந்த மெக்கானிக்கும் அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிடுவான். ஆனால் அந்த மூடியின் விளிம்பைப் பிளேடால் சீவிச் சீவி, ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும்படி செய்து அழுத்தி மாட்டியவர் மாமா. அவர் இருந்தவரை யாரையும் அதில் கைவைக்க விடவில்லை. போன பிறகு எனக்குக் கைவைக்க மனம் வரவில்லை.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. வாய் கொஞ்சம் அதிகம். பாத்தியின் இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் உப்பு வாரிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வண்டி ரிப்பேர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, பிளக் கழற்றச் சொன்னால்கூட ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடிப்பார். இருந்தாலும் எங்கள் பக்கம் யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் அவரைத்தான் கூட அழைத்துப் போவார்கள். கூலியாக ஒரு டீ, பேரம் படிந்தால் திண்டிவனத்தில் ஒரு பிரியாணி. பெண் பார்க்கப் போன வீட்டில் சமையல்கட்டை எட்டிப் பார்க்கிறவர் மாதிரி, விற்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைச் சுற்றி வருவார். சாவித் துவாரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சீட் எங்கே குழிந்திருக்கிறது, பின்சக்கரத்தில் செயின் மாட்டுகிற பல் கூர்மையாகிவிட்டதா, எஞ்சினை ஒட்டிய சைலன்சர் வளைவு நீலம் பாரித்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாகக் குனிந்து பிரேக் பெடல் ரப்பரைக் கட்டைவிரலால் தேய்ப்பார். மீட்டரை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "மீட்டரு மெக்கானிக் கையில இருக்குதுடா மச்சான். அவன் நெனச்சா அம்பதாயிரத்த அஞ்சாயிரமா ஆக்கிடுவான். காலு தேச்ச ரப்பர யாரு மாத்த முடியும்?" என்பார். மாற்ற முடியும் என்பதும் அவருக்குத் தெரியும். பழைய வண்டியில் புது ரப்பர் கண்டால் போதும், அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

அந்த ரப்பர் கணக்கு எங்கள் பக்கத்துக்குச் சரியாகவே இருந்தது. உப்பளத்துக்குப் போய் வருகிறவன் செருப்பில் உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். அது பெடலை அரம் மாதிரி ராவிவிடும். ஒரு வருடத்தில் கோடு அழிந்து வழவழவென்று ஆகிவிடும். அதை வைத்து வண்டி எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மாமா சொல்வார். பிறகு விற்றவனே தண்ணி போட்டுவிட்டு உண்மையை உளறும்போது அது ஏறக்குறையப் பொருந்தும்.

சுனாமிக்குப் பிறகு அவருக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. கடற்கரைக் குப்பங்களில் தண்ணீரில் மூழ்கிய வண்டிகளைச் சில தரகர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கி, கழுவி, பெயின்ட் அடித்து, கடலை விட்டுத் தள்ளியிருக்கிற பெருமுக்கல் பக்கம் கொண்டுபோய் விற்றார்கள். மூன்று மாதம் நன்றாக ஓடும், அப்புறம் உள்ளே இருக்கிற உப்பு வயரையும் பேரிங்கையும் தின்றுவிடும். தண்ணி குடித்த வண்டி என்று அதற்குப் பெயர். யாரைப் பார்த்தாலும் அந்தப் பயம். மாமா இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஹெட்லைட் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே விரலை விட்டுத் துடைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

இரண்டாயிரத்து ஐந்தில் எனக்குப் பொம்மையார்பாளையத்தில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை கிடைத்தது. மரக்காணத்திலிருந்து காலை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் கடை திறந்துவிடும். முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார், சுவரில் இருக்கும் கடிகாரத்தை மட்டும் பார்ப்பார். சீக்கிரம் வண்டி வாங்காவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலை. அப்போதுதான் அனுமந்தையில் ஒரு வண்டி இருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள். இரண்டு வருடத்து வண்டி. ஓட்டிய பையனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவன் அம்மா விற்கிறார்.

நாங்கள் போனபோது வண்டி ரோட்டோரத்தில் ஒரு வேப்பமரத்து நிழலில் நின்றது. குப்பத்துக்குப் போகிற பாதை வெறும் மணல், வண்டி இறங்காது. அந்த அம்மா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கூட அவருடைய மகள், அப்போதுதான் பிளஸ் டூ முடித்த பெண். அண்ணன் போன பிறகு எஞ்சின் இறுகிவிடக் கூடாது என்று வாரத்துக்கு ஒருமுறை வண்டியை நின்ற இடத்திலேயே உதைத்து ஓடவிட்டவள் அவள்தானாம். எங்களைக் கண்டதும் தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே உதை உதைத்தாள். வண்டி கிளம்பியது.

மாமா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் எந்த வண்டிக்கும் பார்த்ததில்லை. என் காதருகே வந்து, "பன்னண்டாயிரம், மிஞ்சிப்போனா பதிமூணு. அதுக்கு மேல ஓடலடா மச்சான். எந்த விலை சொன்னாலும் எடுத்துடு" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்குள் அவர் கண்ணைத் திறந்து வண்டியின் முன்பக்கம் வந்துவிட்டார். மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. உள்ளே ஒயர்கள் தெரிந்தன. கேபிளை மடித்துக் கட்டியிருந்தார்கள்.

"ஏம்மா, மீட்டர் எங்க?"

"மீட்டர் கிடையாது தம்பி. அது இல்லாமத்தான் தருவேன்."

"அதான் எங்கன்னு கேக்கறேன்."

"அது தர்றதுக்கு இல்லப்பா." அந்த அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு மாமாவின் காதில் எஞ்சின் சத்தம் விழவில்லை. குனிந்து பெடலைத் தேய்த்தார். ரப்பரில் கோடுகள் கடையில் வாங்கியது போல அப்படியே இருந்தன. கியர் மிதிக்கும் ரப்பரும் அப்படியே. இரண்டு வருடத்து வண்டியில் இது எப்படி? ஹெட்லைட்டைக் கழற்றச் சொன்னார். அந்தப் பெண்ணே கழற்றினாள். விரலை விட்டுத் துடைத்து நாக்கில் வைத்தார். பிறகு ரோட்டில் துப்பினார்.

"வண்டி ரோட்டு மேலதாங்க நின்னுச்சு" என்றாள் அந்தப் பெண். "தண்ணி இங்க வரைக்கும் வரவே இல்ல. யார வேணாக் கேளுங்க. நல்ல வெலைக்கிப் போனா நான் பாண்டியில நர்சிங் சேர்ந்துடுவேன். அடுத்த வாரம் கடைசி நாளுங்க."

விற்க வருகிறவர்கள் வீட்டில் எப்போதும் ஒரு கல்யாணமோ, ஆபரேஷனோ, படிப்போ இருக்கும் என்பது மாமாவின் அனுபவம். அவர் அந்தப் பெண்ணைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக அம்மாவிடம் பேசினார். சத்தமாகப் பேசினார். எதிரில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும் பஸ்ஸுக்கு நின்றவர்களும் கேட்கிற மாதிரி.

"மீட்டரக் கழட்டி ஒளிச்சிட்ட. பெடல் ரப்பர மாத்திட்ட. உள்ள கைய விட்டா உப்பு கரிக்குது. நாப்பதாயிரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கொறையாது இந்த வண்டி. செத்த புள்ள பேரச் சொல்லி இப்படியும் விப்பாங்களாம்மா?"

வலையில் ஓடிக்கொண்டிருந்த கைகள் நின்றன. யாராவது எழுந்து வந்து மாமாவை அடிப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். யாரும் வரவில்லை. எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. "நீ இன்னா வெல சொல்றியோ அதயே குடுத்துட்டு எடுத்துனு போ" என்றார்.

மாமா சொன்னது நியாய விலையில் பாதிகூட இல்லை. அந்த அம்மா மறு பேச்சில்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மாமா பேசிக்கொண்டே வந்தார். "பாத்தியா, குத்தம் இருக்கறதாலதான் ஒடனே ஒத்துக்கிச்சு. யோக்கியமான வண்டின்னா விட்டுக் குடுக்குமா?" வண்டி எனக்கடியில் ஒரு சிணுங்கல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் எனக்கு என்ன தோன்றியதோ, எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதே கரிப்பு. கேட் தாழ்ப்பாள், சைக்கிள் மணி, அக்காவின் தையல் மெஷின் எல்லாமே கரித்தன. காற்றே உப்பாக வீசுகிற ஊரில் எந்த இரும்புதான் கரிக்காது? மாமாவிடம் சொன்னேன். "அந்த உப்பு வேற, இந்த உப்பு வேற" என்றார். ஆனால் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டியை மகன் பேரிலிருந்து அம்மா பேருக்கும், அங்கிருந்து என் பேருக்கும் மாற்றுவதற்குச் சில மாதங்கள் பிடித்தன. கையெழுத்துக்காக நானும் மாமாவும் மறுபடி அனுமந்தைக்குப் போனோம். அப்போது அவர்கள் தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகையில் இருந்தார்கள். உள்ளே அனல். பெண் ஒருத்தி மட்டும் நின்று சமைக்கிற அளவு இடம். மாமா வாசலில் குனிந்து நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர்ச் சுவரில் பையனின் படம். அதற்குக் கீழே ஒரு பலகை. பலகையில் மடித்துப் போட்ட துண்டு. துண்டின் மேல் மீட்டர்.

அந்த அம்மா கைநாட்டு வைக்க மை தேடிக்கொண்டிருந்தார். மகள்தான் சொன்னாள், குரலைத் தாழ்த்தி. "எங்கண்ணன் கடைசியா ஓட்டுனது அதுல நிக்குதுங்க. வேற யாராச்சும் ஓட்டுனா நம்பர் மாறிடும்ல? அதான் அம்மா கழட்டி வாங்கிக்கினாங்க."

மாமா மீட்டரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, ஏதாவது ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது போல, "அந்த ரப்பரு?" என்று கேட்டார்.

"எந்த ரப்பருங்க?"

"பெடல் ரப்பரு. புதுசா இருந்துச்சே."

அந்தப் பெண்ணுக்குப் புரியவே இல்லை. நான் விளக்கியதும், "எங்கண்ணன் செருப்பே போட மாட்டாங்க. இங்க யாருங்க செருப்பு போடறாங்க?" என்றாள். நான் வாசலுக்கு வெளியே பார்த்தேன். மணலில் ஒரு ஜோடி செருப்பு இல்லை, எங்களுடையதைத் தவிர. மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது? சைக்கிளில் போய்விட்டு வரலாம். மாமாவின் கணக்கு அந்தத் தூரத்தைக்கூடத் தாண்டவில்லை.

மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அந்தச் சத்தமான குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்த அம்மா மை தடவிய கட்டைவிரலைத் தாளில் அழுத்திவிட்டுச் சொன்னார். "சொல்லியிருந்தா அதுக்கும் சேத்து ஒரு வெல சொல்லியிருப்ப தம்பி."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மாமா பிழைத்திருப்பார் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன். சண்டை போடத் தெரிந்த மனிதர் அவர், ஒரு வசவு விழுந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு நாளில் மறந்திருப்பார். மிச்ச விலையைக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினார். அந்த அம்மா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். "வெல முடிஞ்சிபோச்சுப்பா. காலேஜில சேர்ற நாளும் முடிஞ்சிபோச்சு." மகள் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா குடித்தார்.

அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு தினமும் பார்த்தேன். காலையில் நான் கடைக்குப் போகும்போது அந்த வேப்பமரத்தடியில் நான்கைந்து பெண்களோடு நிற்பாள். இறால் கம்பெனி வேன் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகும். அங்கே நாள் முழுவதும் ஐஸில் கைவைத்து இறால் உரிக்க வேண்டும். தன் அண்ணன் வண்டியின் சத்தம் அவளுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். நான் திருப்பத்தில் வரும்போதே நிமிர்ந்திருப்பாள். என்னைப் பார்க்க மாட்டாள், வண்டியைத்தான் பார்ப்பாள். நானும் வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் கடந்துவிடுவேன். எந்த வேகத்தில் போகிறேன் என்று காட்டத்தான் வண்டியில் ஒன்றும் இல்லையே. இதை மாமாவிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா போட்ட சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், பிறகு எழுந்து கை கழுவிவிட்டார்.

அதன் பிறகுதான் ஒரு விசித்திரமான பழக்கம் அவருக்கு வந்தது. நான் வேலையிலிருந்து திரும்பியதும் வாசலுக்கு வந்து, "வண்டி ஏதாச்சும் மக்கர் பண்ணுச்சாடா?" என்று கேட்பார். "இல்ல மாமா" என்பேன். முகம் விழுந்துவிடும். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, வாங்கிக் கொடுத்தவரே வண்டி கெட்டுப்போகக் காத்திருந்தால் எப்படி? பிறகு புரிந்தது. ஒருமுறை அது நடுரோட்டில் நின்றிருந்தால் போதும். ஒரு பேரிங் போயிருந்தால், ஒரு வயர் அரித்திருந்தால், அன்று மரத்தடியில் தான் பேசியதில் துளியாவது உண்மை இருந்ததென்று அவர் தூங்கியிருப்பார். அந்தப் பாழாய்ப்போன வண்டி அவருக்கு அந்த ஒரு உதவியைக்கூடச் செய்யவில்லை. மழையில் உதைத்தாலும் கிளம்பியது, பனியில் உதைத்தாலும் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே வந்து அதைத் துடைப்பார். ஊறுகாய் மூடியை மாட்டியது அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். "உள்ள காத்து போவக் கூடாது. உப்பு அரிக்கும்" என்றார். கெட்டுப்போகக் காத்திருந்தவரே கெடாமலும் பார்த்துக்கொண்டார்.

வண்டி பார்க்க வரச்சொல்லி ஆட்கள் அழைத்தபோது, "கண்ணு சரியாத் தெரியல, வேற யாரயாச்சும் கூட்டினு போ" என்று சொல்லிவிட்டார். அவர்கள் சர்க்கரை வியாதிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்கள். சர்க்கரையும் பிறகு வந்தது. முதலில் ஒரு விரல், அப்புறம் பாதம். உப்பளத்துக்குப் போவது நின்றது. கடைசி வருடம் கட்டிலில் படுத்தபடி, நான் வண்டியை நிறுத்தும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள், "அந்த மீட்டர்ல எவ்ளோ இருந்துச்சின்னு நீ பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். "நானும் பாக்கல. பாக்க தைரியம் வரல" என்றார்.

அவர் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அனுமந்தைக்குப் போனேன். இப்போது அவர்களுக்குச் சுனாமிக் குடியிருப்பில் காங்கிரீட் வீடு. அந்த அம்மா தனியாக இருந்தார். மகள் கம்பெனிக்குப் போயிருந்தாள், இன்னும் அதே கம்பெனிதான். என்னை அடையாளம் தெரியவில்லை, வண்டியைக் காட்டியதும் தெரிந்தது. மாமா இறந்துவிட்டதைச் சொன்னேன். "அந்த சத்தமாப் பேசற தம்பியா? ஐயோ" என்று உட்கார வைத்தார். மீட்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். எழுந்து போய்த் துண்டோடு எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

கண்ணாடி உப்புக்காற்றில் புகை படிந்தது போல இருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். பன்னிரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம்.

கண்ணை மூடிக்கொண்டு மாமா கேட்டது சரிதான். அந்த மரத்தடியில், ஓட்டையைப் பார்ப்பதற்கு முன்னால், என் காதில் அவர் சொன்ன முதல் கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது. அதை நம்பியிருந்தால் போதும். இந்த ஒரு எண்ணைப் பார்க்காமலே அவர் செத்துப்போனார். பார்த்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்குமா, இன்னும் நொந்திருப்பாரா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

"இன்னா போட்டிருக்குது தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். "எனக்குப் படிக்கத் தெரியாது. பொண்ணையும் கேட்டதில்ல."

சொன்னேன்.

அவர் மீட்டர் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தார். "அது நெறையவா, கம்மியா?"

"கம்மிதாம்மா" என்றேன். "ரொம்பக் கம்மி."

"ஆமா. வாங்கி ரெண்டு வருஷந்தான ஆச்சு" என்று சொல்லி, அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய்ப் படத்துக்குக் கீழே வைத்தார்.

வெளியே வந்தேன். வெயிலில் மூடி லேசாக நெளிந்து மேலே கிளம்பியிருந்தது. மாமா செய்வது போலவே கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றி அழுத்தி உட்கார வைத்தேன். ஒரே உதைதான், வண்டி கிளம்பிவிட்டது.